கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சப் போறீங்களா, முதல்ல செடிய சரியா பாருங்க

முடி கொட்டுதுன்னு யாராவது சொன்னா அடுத்த கேள்வி எப்பவும் இதுவாதான் இருக்கும், கரிசலாங்கண்ணி எண்ணெய் எப்படி காய்ச்சறதுன்னு. நான் உடனே செய்முறை சொல்ல மாட்டேன், உங்ககிட்ட இருக்கிற செடிய ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கன்னுதான் கேப்பேன். ஏன்னா அப்படி வர்ற போட்டோவுல நிறைய தடவ கரிசலாங்கண்ணியே இருக்காது. வேற ஏதோ பூண்ட பறிச்சு, நல்ல செக்கு எண்ணெய் ஒரு லிட்டர ஊத்தி காய்ச்சி, 3 மாசம் தேச்சுட்டு "ஒண்ணும் ஆகலக்கா"ன்னு சொல்றவங்கள பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. அதனால இதுல செடிய பத்திதான் முதல்ல நிறைய பேசப்போறேன், காய்ச்சறது அதுக்கப்புறம்.

இதுக்கு ஊருக்கு ஊர் பேர் மாறும். எங்க பாட்டி கையாந்தகரைன்னுதான் சொல்லுவாங்க, சில பக்கம் கரிசாலை, சித்த மருத்துவத்துல தேகராசம். ஆயுர்வேதத்துல பிருங்கராஜ்னு சொல்றது இதையேதான், அதனால கடையில பிருங்கராஜ் எண்ணெய்னு பளபளன்னு பாட்டில்ல விக்கிறத பாத்து அது ஏதோ இமயமலை மூலிகைன்னு நினைச்சுக்காதீங்க, உங்க ஊர் வாய்க்கா ஓரத்துல நிக்கிற செடிதான் அது. கேரளாவுல கய்யோன்னி, அங்க தசபுஷ்பம்னு 10 செடிய விசேஷமா வச்சிருக்காங்க இல்லையா, அதுல இதுவும் ஒண்ணு. ஆந்திரா பக்கம் குண்டகலகரா. எல்லா ஊர்லயும் இதோட கருப்பு சாறதான் பெருசா பேசுவாங்க, சீன மருத்துவத்துல இதுக்கு இருக்கிற பேர்லயும் முதல் எழுத்துக்கு எழுதுற மைன்னுதான் அர்த்தம். அந்த கருப்புதான் இந்த செடியோட அடையாளம், அத வச்சுதான் நாமளும் கண்டுபிடிக்கப் போறோம்.

செடி எப்படி இருக்கும்னா, ஒரு சாண்லேர்ந்து முழங்கால் உயரம் வரைக்கும் வரும், பாதி தரையில படுத்து பாதி நிமிந்து நிக்கும். தண்டு லேசா செம்பழுப்பு ஓடின மாதிரி இருக்கும், கணுவுல மண்ணு பட்டா அங்கயே வேர் விடும். இலை எதிரெதிரா ஜோடி ஜோடியா வரும், காம்பு இல்லாம தண்டோட ஒட்டின மாதிரி, நீளமா ரெண்டு பக்கமும் கூர்மையா. கைய வச்சு தடவி பாருங்க, சொரசொரன்னு இருக்கும், பொடிப்பொடியா வெள்ளை முடி அதுல. பூ ரொம்ப சின்னது, சட்டைக் கையில வைக்கிற பட்டன விட சின்னது, முழுக்க வெள்ளை, ஓரத்து இதழ் நூல் மாதிரி பொடியா இருக்கும். நடுவுல பளிச்சுன்னு மஞ்சள் இருந்தா அது கரிசலாங்கண்ணி இல்ல, இத மறந்துடாதீங்க. பூ உதிர்ந்ததும் பச்சையா ஒரு குட்டி பட்டன் மாதிரி நிக்கும், அது முத்தினா உள்ள விதை கருப்பா பொலபொலன்னு உதிரும்.

இப்போ முக்கியமான சோதனை. நாலு இலைய பறிச்சு உள்ளங்கையில வச்சு கட்டை விரலால நல்லா கசக்குங்க, சாறு வர்ற வரைக்கும். முதல்ல சாதாரண பச்சையாதான் இருக்கும், நீங்க "ஒண்ணும் ஆகலையே"ன்னு நினைப்பீங்க. அப்படியே கைய விரிச்சு காத்துல வச்சிருங்க. கொஞ்ச நேரத்துல ரேகை ரேகையா கருக்க ஆரம்பிக்கும், முதல்ல ரேகைக்குள்ள, அப்புறம் நகக்கண்ணுல, அப்புறம் விரல் நுனி முழுக்க கரும்பச்சையாகி கடைசியில மை தொட்ட மாதிரி ஆயிடும். தண்டை கிள்ளி வச்சாலும் கிள்ளின இடம் கருக்கும். சாறுல இருக்கிற பொருள் காத்து பட்டு கருக்குது, வெட்டின வாழைக்காய் கருக்குற மாதிரிதான். சோப்பு போட்டு கழுவினாலும் அன்னிக்கு முழுக்க லேசா கறை இருக்கும், அந்த காலத்துல பச்சை குத்தறதுக்கே இந்த சாற பயன்படுத்தியிருக்காங்கன்னா பாத்துக்கங்க. கை கருக்கலைன்னா அந்த செடிய விட்டுட்டு வந்துடுங்க, யார் என்ன சொன்னாலும்.

எதையெல்லாம் மாத்தி பறிக்கிறாங்கன்னா, முதல் ஆள் வெட்டுக்காயப் பூண்டு. கிணத்தடிப் பூண்டு, தாத்தாப்பூன்னும் சொல்லுவாங்க, ரோட்டோரம் காலி மனையில எல்லா இடத்துலயும் இருக்கும், சின்ன வயசுல பூவ கிள்ளி விளையாடியிருப்பீங்க. அதோட பூ ஒத்தையா நீளமான காம்புல தனியா தூக்கி நிக்கும், நடுவுல மஞ்சள், சுத்தி வெளுத்த இதழ், விதை பஞ்சு வச்சுகிட்டு பறக்கும், இலை ஓரம் பல்லு பல்லா வெட்டின மாதிரி இருக்கும். கசக்கினா கருக்காது. அது ஒண்ணும் கெட்ட செடி இல்ல, காயத்துக்கு வச்சு கட்டுற செடிதான், ஆனா இது அது இல்ல.

ரெண்டாவது மஞ்சள் கரிசலாங்கண்ணி விஷயம், இதுலதான் ரொம்ப பேர் ஏமாறுறாங்க. வெள்ளைப்பூ, மஞ்சப்பூன்னு கரிசலாங்கண்ணியில ரெண்டு உண்டுன்னு நம்ம ஊர்ல சொல்றது உண்மைதான், ரெண்டும் ஒரே குடும்பத்துல வேற வேற செடி. மஞ்சப்பூ உள்ளத பொற்றலைக் கையாந்தகரைன்னு சொல்லுவாங்க. வடலூர் வள்ளலார் தினசரி ஒழுக்கமா சொன்னதுல இந்த பொற்றலைக் கையாந்தகரை, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்ந்த பொடிய தண்ணியும் பாலும் விட்டு சுண்டக் காய்ச்சி நாட்டுச் சர்க்கரை போட்டு குடிக்கச் சொல்லியிருக்கார், அதனால அவர் வழியில போறவங்க வீட்டுல இந்த கீரைக்கு தனி மரியாதை. சரி, பிரச்சனை என்னன்னா இப்போ ஹைவே நடுவுல, பார்க்குல, அபார்ட்மெண்ட் வாசல்ல பச்சைக் கம்பளம் மாதிரி படர விட்டிருக்கிற ஒரு மஞ்சப்பூ கொடி இருக்கு பாருங்க, அது மத்திய அமெரிக்கா பக்கத்துலேர்ந்து அழகுக்கு கொண்டு வந்தது. உலகத்துலயே மோசமா பரவுற 100 அந்நிய உயிரினங்கள் பட்டியல்ல அதோட பேர் இருக்கு. அதோட இலை பளபளன்னு இருக்கும், மூணா பிரிஞ்ச மாதிரி ரெண்டு பக்கமும் காது வச்சிருக்கும். நம்ம பொற்றலைக்கு இலை ஒரே நீட்டா இருக்கும், காது இருக்காது. நர்சரியில கூட அந்த கொடிய "மஞ்சள் கரிசலாங்கண்ணி"ன்னு குடுக்குறாங்க, நானே அப்படி ஒரு தொட்டி வாங்கி 8 மாசம் வளத்து அதுல துவையல் அரைக்கிற வரைக்கும் போயிட்டேன், கடைசி நேரத்துல ஒரு சித்த மருத்துவர்கிட்ட காட்டினதுல தப்பிச்சேன். அதனால எண்ணெய்க்கு வெள்ளைப்பூவே போதும், அதுதான் சுலபமா அடையாளம் தெரியும்.

பொன்னாங்கண்ணியையும் சிலர் பேர் குழப்பத்துல கொண்டு வருவாங்க, அதோட இலை வழவழன்னு இருக்கும், பூ கணுவுல காம்பே இல்லாம ஒட்டி இருக்கும். அதையும் கசக்குங்க, கருக்காது, அவ்ளோதான்.

அடுத்தது எங்க பறிக்கிறது. ஈரம் இருக்கிற இடம்தான் இதோட வீடு, வாய்க்கா கரை, வரப்பு, குளத்தோரம், வாழைத் தோப்பு, கிணத்து தொட்டிக்கு பக்கத்துல. எங்க பாட்டி ஊர் திருவையாறு பக்கம், மேட்டூர்ல தண்ணி திறந்து விட்டு வாய்க்காவுல தண்ணி ஓட ஆரம்பிச்சா போதும், வரப்பு ரெண்டு பக்கமும் இதுதான். நெல்லு வயலுக்கு இது களை, பிடுங்கி வரப்புல எறிஞ்சுட்டு போவாங்க, அதுவே அள்ளிகிட்டு வர்ற அளவுக்கு இருக்கும். ஆனா இப்போ கண்ண மூடிட்டு வயல்ல பறிக்க முடியாது. ஒரு தடவ நான் ஒரு வரப்புல உக்காந்து ஆசை ஆசையா பறிச்சுகிட்டு இருந்தேன், நல்லா தளதளன்னு இருந்துச்சு, அந்தப் பக்கம் களை எடுத்துட்டு வந்த ஒரு பெரியம்மா சத்தம் போட்டாங்க, "ஏம்மா, அதத் தொடாதம்மா, முந்தாநேத்துதான் இங்க மருந்து அடிச்சாங்க"ன்னு. பாக்க செடியில ஒண்ணுமே தெரியல. அன்னிலேர்ந்து யார் வயலா இருந்தாலும் கேட்டுட்டுதான் கைய வைப்பேன். களைக்கொல்லி, பூச்சிமருந்து எப்போ அடிச்சாங்கன்னு அந்த வயல்ல வேலை செய்றவங்களுக்குதான் தெரியும், அவங்ககிட்ட கேளுங்க, ஒரு கட்டு பறிச்சு தரச் சொல்லி அதுக்கு காசும் குடுங்க.

சாக்கடை ஓரம், ஆஸ்பத்திரி பின்பக்கம், சாயப்பட்டறை தண்ணி போற வாய்க்கா, மெயின்ரோட்டு ஓரம், இங்கெல்லாம் கரிசலாங்கண்ணி இன்னும் செழிப்பா இருக்கும், அந்த செழிப்ப பாத்து ஏமாறாதீங்க. தண்ணியில மண்ணுல இருக்கிற உலோகத்த இந்த மாதிரி செடி இழுத்து வச்சுக்கும், எத்தனை தடவ கழுவினாலும் உள்ள இருக்கிறது போகாது. தலைக்கு தேய்க்கதானேன்னு விடாதீங்க, பாதி பேர் அதே கட்டுல கொஞ்சம் எடுத்து கூட்டும் வைக்கிறாங்க.

பறிக்கும்போது வேரோட பிடுங்க வேண்டாம், தரையிலேர்ந்து நாலு விரல் விட்டு அறுத்துக்கங்க, திரும்ப துளிர்க்கும். காலையில பனி காஞ்சப்புறம் பறிச்சா நல்லது. பூ விட ஆரம்பிச்ச செடியா பாருங்க, அடையாளமும் சரியா தெரியும். அரை லிட்டர் எண்ணெய்க்கு ஒண்ணேகால் கிலோ, ஒன்றரை கிலோ பச்சை செடி எடுத்துக்குவேன். பறிச்ச அன்னிக்கே சாறு எடுத்துடணும், மறுநாள் வச்சா கவர்ல வேர்த்து அழுகின வாடை வந்துடும்.

வீட்டுக்கு கொண்டு வந்ததும் பெரிய அண்டாவுல தண்ணி விட்டு அலசுங்க, மூணு தண்ணி, நாலு தண்ணி, அடியில மண்ணு நிக்காம ஆகுற வரைக்கும். வாய்க்கா கரை செடிங்கிறதால குட்டி நத்தை கூட இருக்கும், கொஞ்சம் கல்லுப்பு போட்ட தண்ணியில பத்து நிமிஷம் போட்டு எடுத்தா கழண்டு வந்துடும். அப்புறம் ஒரு வெள்ளைத் துணியில பரப்பி ஃபேனுக்கு அடியில தண்ணி வடிய விடுங்க. பழைய துணியா பாத்து போடுங்க, அந்த கறை போகாது. அரைக்கிறப்ப தண்ணி விடக்கூடாதுன்னு பாட்டி ரொம்ப கண்டிப்பு, அவங்க உரல்ல இடிச்சதால அது முடிஞ்சது, மிக்சியில தண்ணி இல்லாம ஓடாது, அதனால கால் டம்ளருக்கு மேல போகாம தெளிச்சு தெளிச்சு அரைச்சு, மல்லுத் துணியில போட்டு முறுக்கி பிழிஞ்சா அரை லிட்டர் கிட்ட சாறு வரும். தண்ணி எவ்ளோ சேருதோ அவ்ளோ நேரம் அடுப்பு எரியணும், அதுக்காகதான் சொல்றேன்.

இப்போ அளவு. ஆயுர்வேதக் கணக்குல எண்ணெய் 4 பங்குன்னா சாறு 16 பங்கு, அரைச்ச விழுது 1 பங்கு, அதாவது எண்ணெய விட நாலு மடங்கு சாறு. நீலிபிருங்காதின்னு கேரளாவுல பேர் போன எண்ணெய் இருக்கு இல்ல, அதுல அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் சாறோட தேங்காப்பால், ஆட்டுப்பால், எருமைப்பால், பசும்பால்னு இத்தனையும் சேர்ந்து சுண்டுது, அதனாலதான் முறையா செஞ்சா அது விலை ஜாஸ்தி. வீட்டுல நாம அந்த அளவுக்கு போக வேண்டியதில்ல, எண்ணெய் அரை லிட்டர், சாறு அரை லிட்டர், சமபங்கு, இதுதான் எங்க வீட்டு அளவு. பொறுமையும் செடியும் இருந்தா சாற ஒரு லிட்டர் ஆக்குங்க. எண்ணெய் செக்குல ஆட்டின தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெய் முடிக்குள்ள இறங்கி புரதம் போறத குறைக்குதுன்னு ஆய்வே இருக்கு, அதனால எண்ணெய் வெறும் சுமைதாங்கி இல்ல, அதுவும் வேலை செய்யுது. உங்க உடம்புக்கு நல்லெண்ணெய்தான் ஒத்துக்கும்னா அதுலயும் பண்ணலாம்.

அடிகனமான இரும்புச் சட்டி எடுத்துக்கங்க, சட்டி பெருசா இருக்கணும், எண்ணெயும் சாறும் சேர்ந்து பாதிக்கு மேல நிக்கக்கூடாது, பொங்கும். முதல்ல எண்ணெய லேசா சூடு பண்ணி, விரல் வைக்கிற சூடு போதும், சாற மெதுவா ஊத்துங்க. நல்லா காஞ்ச எண்ணெயில சாற ஊத்தினா வெடிச்சு முகத்துல அடிக்கும், இது விளையாட்டில்ல, குழந்தைங்கள கிச்சனுக்குள்ள விடாதீங்க. கூட பிழிஞ்ச சக்கையிலேர்ந்து ஒரு கைப்பிடி, 4 மிளகு, ஒரு ஸ்பூன் வெந்தயம், இவ்ளோதான் நான் போடுறது. சில பேர் செம்பருத்தி, மருதாணி, வெங்காயம், கறிவேப்பிலைன்னு கண்டதையும் ஒரே சட்டியில போடுறாங்க. எனக்கு அது சரியா படல, ஏதாவது ஒண்ணு ஒத்துக்காம தலை அரிச்சா எதுனாலன்னே கண்டுபிடிக்க முடியாது.

அடுப்பு சிம்முல. ஆரம்பத்துல களகளன்னு பெரிய கொப்புளமா கொதிக்கும், அது தண்ணி வெளியேறுற சத்தம், பச்சை வாடை வீடு பூரா அடிக்கும். அப்பப்போ அடி பிடிக்காம கரண்டியால அடிய சுரண்டி விட்டுகிட்டே இருக்கணும், ஏன்னா சாறுல இருக்கிற கசண்டு அடியில போய் உக்காரும், அது கருகினா எண்ணெய் முழுக்க கருகல் வாடைதான். ஆயுர்வேத முறையில எண்ணெய ஒரே நாள்ல காய்ச்சி முடிக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க, நானும் முதல் நாள் அரை மணி நேரம் கொதிக்க விட்டு நிறுத்தி, ஆறினதும் மூடி வச்சு, மறுநாள் காலையில திரும்ப அடுப்புல ஏத்துவேன். அப்படி பண்ணினா நிறமும் மணமும் எண்ணெயில நல்லா இறங்குது.

ரெண்டாம் நாள்தான் கண்ணு அகலாம நிக்கணும். பதம் பாக்குறது எப்படின்னா, அடியில இருக்கிற கசண்ட கரண்டியில கொஞ்சம் எடுத்து ஆறவச்சு ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டி பாருங்க. சேறு மாதிரி விரல்ல ஒட்டினா இன்னும் தண்ணி இருக்கு. ஒட்டாம மெழுகுத் திரி மாதிரி உருண்டா அது மெழுகு பதம். இன்னும் கொஞ்சம் போய் மணல் மாதிரி நறநறன்னு உதிர்ந்தா மணல் பதம், தலைக்கு தேய்க்கிற எண்ணெய்க்கு மெழுகு பதம் தாண்டி மணல் ஆரம்பிக்கிற அந்த இடத்துல இறக்கிடுவாங்க எங்க பாட்டி. அதே நேரத்துல எண்ணெய் மேல பொடி நுரை பொங்கி வரும், களகள சத்தம் அடங்கியிருக்கும், வாடையும் பச்சை வாடை போய் ஒரு மாதிரி காஞ்ச மூலிகை மணமா மாறியிருக்கும்.

கடைசியா திரி சோதனை. பஞ்சுத் திரிய எண்ணெயில தோய்ச்சு, சட்டிகிட்ட இல்லாம தள்ளி வாசப்பக்கம் கொண்டு போய் கொளுத்துங்க. சடசடன்னு வெடிச்சா தண்ணி இருக்கு, திரும்ப அடுப்புல வைங்க. சத்தமே இல்லாம விளக்கு மாதிரி நின்னு எரிஞ்சா முடிஞ்சது. இந்த திரி சோதனைய நான் ஒரு வருஷம் அவசரத்துல பண்ணாம விட்டேன், பாக்க நல்லாதான் இருந்துச்சு, பாட்டில்ல ஊத்தி வச்சேன், மூணாவது வாரம் மூடிய திறந்தா மேல வெள்ளையா பூத்து கிடக்கு, காறல் வாடை வேற. மொத்த எண்ணெயும் போச்சு. ஒரு சொட்டு தண்ணி உள்ள நின்னாலும் அப்படிதான் ஆகும்.

இறக்கினதும் சட்டியிலயே ஆற விடாதீங்க, இரும்பு சூட்ட பிடிச்சு வச்சுக்கும், கசண்டு அதுலயே கருகிடும். கைபொறுக்கிற சூட்டுக்கு முன்னாடியே வேற பாத்திரத்துக்கு மாத்தி, நல்லா ஆறினப்புறம் துணியில வடிகட்டி, வெயில்ல காய வச்ச கண்ணாடி பாட்டில்ல ஊத்துங்க. இரும்புலயே வச்சிருந்தா எண்ணெய் சீக்கிரம் காறிடும். அரை லிட்டருக்கு கொஞ்சம் குறைச்சலா கிடைக்கும், நிறம் கரும்பச்சையா, வெளிச்சத்துல பிடிச்சா பச்சை தெரியுற மாதிரி. வெளிச்சம் படாத அலமாரியில 5, 6 மாசம் தாராளமா நிக்கும். ஈரக்கையால எடுக்காம இருந்தா போதும்.

அடுப்பு வேலையே முடியாதுன்னு சொல்றவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. இலைய கெட்டியா அரைச்சு சின்ன சின்ன வடையா தட்டி நிழல்ல கல்லு மாதிரி காய வச்சு, அத தேங்காயெண்ணெய்ல போட்டு பாட்டில வெயில்ல ஒரு 10 நாள் வைக்கிறது. இது சித்திரை, வைகாசிக்கு சரியா வரும். ஐப்பசி மழையில தட்டி வச்சா காயறதுக்குள்ள பூஞ்சை பிடிச்சுடும், அப்போ இந்த வழி வேண்டாம்.

தேய்க்கிறது வாரம் ரெண்டு தடவ போதும், விரல் நுனியால வேர்க்கால்ல படுற மாதிரி தேச்சு ஒரு மணி நேரம் கழிச்சு சீயக்காய் போட்டு குளிங்க. ராத்திரி முழுக்க வச்சா தலகாணி உறை கறையாகும், சளி பிடிக்கிற உடம்புக்கு ஆகவும் ஆகாது. முதல் தடவ முழங்கை மடிப்புல ரெண்டு சொட்டு தேச்சு ஒரு நாள் பாருங்க. இது சூரியகாந்தி, பார்த்தீனியம் இதெல்லாம் சேர்ந்த குடும்பத்து செடி, பார்த்தீனியம் பட்டா தோல் தடிக்கிறவங்களுக்கு இதுவும் அரிக்கலாம். அப்புறம் தலையில எண்ணெய்ப்பசையோட மஞ்சளா செதில் செதிலா பொடுகு இருக்கிறவங்க எந்த எண்ணெயும் தேய்க்காம முதல்ல தோல் டாக்டர பாருங்க, அந்த பொடுகுக்கு காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடே.

என்ன எதிர்பார்க்கலாம்னு நேரா சொல்லிடுறேன். எலிகள வச்சு செஞ்ச ஆய்வுகள்ல இந்த செடியோட சாரம் முடி வளர்ற கட்டத்த சீக்கிரம் கொண்டு வந்துருக்கு, மனுஷங்கள்ல அந்த அளவுக்கு பெரிய ஆதாரம் கிடையாது. என் அனுபவத்துல முடி உடையறது குறைஞ்சது, நுனி வெடிப்பு குறைஞ்சது, தலை குளிர்ச்சியா இருந்து தூக்கம் நல்லா வந்தது. நரைச்ச முடி கருப்பாச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆகல. ரத்தசோகை, தைராய்டு, பிரசவத்துக்கு அப்புறம் கொட்டுறது, பெரிய காய்ச்சல் வந்து 2, 3 மாசம் கழிச்சு கொத்து கொத்தா கொட்டுறது, இதெல்லாம் உள்ளுக்குள்ள காரணம். காய்ச்சலுக்கு அப்புறம் கொட்டுறது பெரும்பாலும் அதுவாவே ஆறேழு மாசத்துல நின்னுடும், அந்த நேரத்துல தேய்க்கிற எண்ணெய்க்கு அந்த பேர் போயிடும், அவ்ளோதான். ரொம்ப கொட்டுதுன்னா ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு அதோட எண்ணெயும் தேய்ங்க, ரெண்டுக்கும் சண்டை இல்ல.

சாப்பிடலாமான்னு கேப்பீங்க. நல்ல இடத்துல பறிச்ச இளம் இலைய பாசிப்பருப்பு போட்டு கூட்டு வைக்கலாம், லேசா கசக்கும், பூண்டு நாலு பல் கூட போட்டா தெரியாது, வாரத்துல ஒரு நாள் கீரையா சாப்பிடுறதுக்கு நம்ம ஊர்ல பரம்பரையாவே வழக்கம் இருக்கு. ஆனா பச்சை சாற டம்ளர் டம்ளரா குடிக்கிறது வேற விஷயம், அத ஒரு சித்த மருத்துவரோ ஆயுர்வேத மருத்துவரோ நேர்ல பாத்து அளவு சொல்லாம பண்ணாதீங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, சர்க்கரைக்கு பிரஷருக்கு மாத்திரை போடுறவங்க கண்டிப்பா கேட்டுட்டுதான். அதே மாதிரி மஞ்சள் காமாலைக்கு இத குடுக்குற வழக்கம் காலங்காலமா இருக்கு, இருந்தாலும் கண்ணு மஞ்சளாச்சுன்னா முதல்ல ஆஸ்பத்திரி போய் ரத்தம் குடுத்து எதுனால வந்துச்சுன்னு பாருங்க, பித்தப்பை கல்லு அடைச்சு வந்த காமாலைய எந்த கீரையும் சரி பண்ணாது, நாள் கடந்துடும்.

பாட்டி இதுல கண் மை பண்ணுவாங்க, அத மட்டும் சொல்லிடுறேன். பழைய வேட்டித் துணிய இந்த சாறுல நனைச்சு நிழல்ல காய வச்சு, திரும்ப நனைச்சு காய வச்சு, ஏழு தடவ. துணி கரேல்னு விறைப்பா ஆயிடும். அத திரிச்சு விளக்கெண்ணெய் விட்ட அகல்ல ஏத்தி, ரெண்டு பக்கமும் செங்கல் வச்சு மேல ஒரு வெண்கலத் தட்ட கவுத்துவாங்க, தட்டோட உள்பக்கம் சந்தனம் தடவியிருக்கும். விடிஞ்சு எடுத்தா தட்டு முழுக்க வெல்வெட்டு மாதிரி கரி படிஞ்சிருக்கும், அத கோழி இறகால கூட்டி எடுத்து விளக்கெண்ணெய்ல குழைச்சா மை. புருவத்துக்கும் திருஷ்டிப் பொட்டுக்கும் நான் இன்னும் இதுதான் வைக்கிறேன். பச்சக் குழந்தை கண்ணுக்குள்ள மட்டும் விட வேண்டாம், குழந்தை டாக்டருங்க எல்லாரும் வேண்டாம்னுதான் சொல்றாங்க, கன்னத்துல பொட்டா வைங்க போதும்.

பறிக்க நல்ல இடமே கிடைக்கலைன்னா வீட்டுலயே வளருங்க, இத விட சுலபமான செடி கிடையாது. உறுதியான செடி ஒண்ணு கிடைச்சா கணு உள்ள தண்ட ஒரு சாண் வெட்டி ஈர மண்ணுல படுக்க வச்சு விட்டா ஒரு வாரத்துல வேர் பிடிச்சுடும். விதையா போட்டா மண்ண போட்டு மூடாதீங்க, அதுக்கு வெளிச்சம் பட்டாதான் முளைக்கும், மேலாக்க தூவி தண்ணி தெளிச்சா போதும். ஓட்டை இல்லாத அகலமான பழைய டப்புல பாதி மண்ணு போட்டு எப்பவும் சொதசொதன்னு வச்சிருங்க, துணி துவைக்கிற தண்ணிய மட்டும் அதுல விடாதீங்க. மாடியில நாலு டப்பு வச்சா வருஷத்துக்கு ரெண்டு தடவ எண்ணெய் காய்ச்சற அளவுக்கு அறுக்கலாம். பக்கத்து தொட்டியிலயும் தானா முளைச்சு வரும், அப்படி வந்தத பிடுங்கிப் போடாம ஒரு பேப்பர்ல மடிச்சு யாராவது கேட்டா குடுங்க, கூடவே உள்ளங்கையில கசக்கி கருக்குதான்னு பாத்துக்கவும் சொல்லுங்க.